எல்லாவற்றிலும் ஐந்து

1

படம் வந்தபோது மதியக் கூட்டம் முடிந்திருந்தது. தோசைக்கல்லைத் துடைத்துவிட்டுக் கடைப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். செஞ்சியிலிருந்து தங்கை கௌரி அனுப்பியிருந்தாள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திப் போட்ட பட்டியல். ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு.

அது என் மகள் தேன்மொழி படிக்கிற இடம். படித்த இடம் என்று எழுத வேண்டும். அப்போது செஞ்சியில் யாருக்கும் அது தெரியாது.

படத்துக்குக் கீழே கௌரியின் குரல்.

"அண்ணா, பாத்தியா? நம்ம தேனு காலேஜு மேல ஏறியிருக்குது. புள்ளைங்க சந்தோசமா இருக்கிற காலேஜுன்னு தனியா ஒரு லிஸ்ட்டு போட்டிருக்கானாம், அதுலயும் இருக்குது. சுகன்யாவுக்கு அங்கதான் சீட்டு கெடச்சிருக்குது. வெள்ளிக்கெழமக்குள்ள வரேன் வரலன்னு சொல்லணுமாம். நீ ஒரு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா அவரு ஒத்துக்குவாரு."

சுகன்யா கௌரியின் ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். 'அவரு' என்றது ஏழுமலையை, அதாவது கௌரியின் வீட்டுக்காரரை.

பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கும் கல்லூரி. அந்தப் பட்டியலில் என் கையும் இருக்கிறது.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று ஊரில் பத்திரிகை நடத்தும் நண்பர் ரொம்ப நாளாகக் கேட்கிறார். பனி, ரயில், இங்கே கிடைக்கும் முருங்கைக்காய், இப்படி ஏதாவது எழுதலாம் என்றிருந்தேன். இதுதான் வந்தது. ஒன்பதாவது வரை படித்தவன் நான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

2

ஏழுமலை கூட்ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். பரீட்சை முடிவு வந்த அன்று எல்லாப் பள்ளிக்கூடமும் அவர் கடைக்கு வந்துவிடும். ஒரு பள்ளிக்குத் 'தாலுகாவில் முதலிடம்' என்று அடிப்பார். அடுத்த பள்ளிக்கும் அதையே அடிப்பார். ஒன்றில் கீழே பொடி எழுத்தில் 'தமிழ்வழியில்' என்று இருக்கும். இன்னொன்றில் 'மாணவியர் பிரிவில்' என்று இருக்கும். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது.

ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன். "இன்னா மாப்ள, ரெண்டு பேருமே மொதலா?"

"மே மாசத்துல செஞ்சியில ரெண்டாவதுன்னு எவனும் கெடயாது மச்சான். ரெண்டாவதுன்னு அடிச்சிக் குடுன்னு எவனாச்சும் வந்தான்னா, அவனுக்கு நான் ஃப்ரீயா அடிச்சிக் குடுப்பேன்."

இந்த வித்தை எனக்கு அவருக்கு முன்பே தெரியும். நான் படித்த பள்ளி பத்தாவதில் நூற்றுக்கு நூறு காட்ட நினைத்தது. ஒன்பதாவது முடிந்ததும் ஏழு பேருடைய தகப்பன்மாரைக் கூப்பிட்டார்கள். "பையன் தாங்கமாட்டான். டி.சி. வாங்கிக்கிங்க. தனியா எழுதிக்கட்டும்." சிங்கவரத்துக் கடலைக்காட்டிலிருந்து நைனா அப்படியே வந்திருந்தார். காலெல்லாம் மண். கைநாட்டு வைத்தார். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

வழியில் என்னைக் கேட்டார். "இன்னாடா சொன்னாங்க?"

"பத்தாவதுக்கு வேற ஸ்கூல் பாக்கணுமாம்."

வேறு பள்ளி பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டிபன் கடையில் சேர்ந்தேன். அடுத்த வருடம் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதினார்கள், நூறு சதவீதத் தேர்ச்சி என்று. பொய் இல்லை. பரீட்சை எழுதினவர்கள் எல்லாரும் பாஸ். நான் ஃபெயில் ஆகவில்லை. கணக்கிலேயே இல்லை.

இந்த மாதிரி எண்கள் எப்படி உண்டாகின்றன என்று சின்ன வயதிலேயே பார்த்தவன். அதே நான் இங்கே வந்து, வெள்ளைக்காரன் போட்ட எண்ணை நம்பினேன். அவன் பொடி எழுத்தில் ஏதாவது போட்டிருக்கிறானா என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் படிக்கத் தெரியாது.

3

லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். வந்து பதினாறு வருடம் ஆகிறது. மூன்று வருடம் கழித்து மனைவி மல்லிகாவும் தேனுவும் வந்தார்கள். தேனுவுக்கு அப்போது ஏழு வயது. விமான நிலையத்தில் என்னைத் தெரியவில்லை. அம்மா காலுக்குப் பின்னால் நின்றாள்.

பிறகு அவள்தான் எங்களுக்கு வாய். டாக்டரிடம், வாடகை ஆபீஸில், விசா ஆபீஸில் அவள்தான் பேசுவாள். எட்டு வயதில் என் பாஸ்போர்ட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்வாள். அவர்கள் என்ன கேட்டாலும் 'நல்லாருக்கு, எந்தக் குறையும் இல்லன்னு சொல்லு' என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதையும் அப்படியே சொல்வாள்.

பள்ளி முடிந்ததும் இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஒன்று பக்கத்திலேயே. ஒரே பஸ்ஸில் போய் வரலாம். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இதுவே போதும் நைனா. ஒரு மிஸ் கூட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தேன். நல்லாருக்குது," என்றாள். இன்னொன்று ரயிலில் இரண்டு மணி நேரம். அதை அவள் பார்க்கக்கூட இல்லை.

பட்டியலைக் காட்டச் சொன்னேன். முதலாவது எங்கேயோ கீழே கிடந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருந்தது. இரண்டாவது, திறந்ததும் தெரிந்தது.

"மேல இருக்கிறத வுட்டுட்டு கீழ இருக்கிறத யாரும்மா எடுப்பாங்க?" என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். அவளும் அதற்கு மேல் பேசவில்லை.

கூட்ரோட்டில் ஏழுமலை ஃப்ளெக்ஸ் வைத்தார். பின்னால் ராஜகிரிக் கோட்டை. மேலே ஒரு விமானம். விமானத்துக்குப் பக்கத்தில் அதே அளவுக்கு என் மகள். 'செஞ்சியின் பெருமை' என்று போட்டிருந்தார். படம் எடுத்து அனுப்பினார். கடையில் எல்லாரிடமும் காட்டினேன். மாவு அரைக்கிறவரிடம் இரண்டு தடவை காட்டினேன்.

அதற்கப்புறம் செஞ்சியிலிருந்து எனக்குப் போன் வரும். அவலூர்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருப்பவர், பையனை எந்தக் கல்லூரியில் போடலாம் என்று என்னைக் கேட்டார். என்னை. நானும் சொன்னேன்.

4

முதல் வருடம் தினமும் பேசினாள். இரண்டாம் வருடம் வாரத்துக்கு ஒரு நாள் பேசினாள். பிறகு 'ம்' என்று மட்டும் மெசேஜ் வரும்.

ஒரு நாள் போனில், "கஷ்டமா இருக்குது நைனா," என்றாள்.

"படிப்புன்னா கஷ்டமாத்தாம்மா இருக்கும். அதுக்குத்தான அது பெரிய காலேஜு," என்றேன்.

"சரி," என்றாள்.

பிறகு சில வாரம் போனை எடுக்கவே இல்லை. மெசேஜுக்கு மட்டும் 'படிக்கிறேன்' என்று பதில் வந்தது. பல்கலைக்கழக ஆபீஸ் எண்ணைக் கடை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். எனக்கு வரும் இங்கிலீஷில் கேட்டேன். என் மகள் வகுப்புக்கு வருகிறாளா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் ஒரு பெண். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். உங்கள் மகள் பதினெட்டு வயது முடிந்தவர், அவர் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். "நான் அப்பா," என்றேன். புரிகிறது என்றாள். "அவள் அங்கே இருக்கிறாளா, அது போதும்," என்றேன். அதையும் சொல்ல முடியாது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் நைனா அன்றைக்குக் கும்பிடு போட்டது ஞாபகம் வந்தது.

5

பிப்ரவரியில் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் என்றாள். பெட்டியைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மல்லிகா தட்டைக் கொண்டுபோய் வைப்பாள். அப்படியே எடுத்து வருவாள்.

அவள் போன் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று செவ்வாய், எங்கள் கடைக்கு விடுமுறை. "இன்னாம்மா அது?" என்றேன்.

"காலேஜுல ஏதோ ஃபார்ம். லிஸ்ட்டு போடறதுக்கு, நீ சந்தோசமா இருக்கியான்னு கேக்கறானுங்க. அழிச்சிடு நைனா."

அழிக்கக்கூடாது என்றேன். ஆபீஸிலிருந்து வந்த ஃபாரத்தை நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விசாவுக்காக ஆறு வருடம் அலைந்தவன். படித்துச் சொல், நான் அமுக்குகிறேன் என்றேன்.

தோளுக்கு மேல் நான் நீட்டிய போனைப் பார்த்து, திரும்பாமலேயே முதல் கேள்வியைச் சொன்னாள். பாடம் நடத்துவது பிடித்திருக்கிறதா. ஒன்றிலிருந்து ஐந்து வரை.

"மூணு போடு," என்றாள்.

ஐந்தை அமுக்கினேன்.

அடுத்தது, உன்னை அங்கே யாராவது கவனிக்கிறார்கள் என்று தோன்றுகிறதா.

"ஒண்ணு."

ஐந்தை அமுக்கினேன். விரல் போன இடத்தைக் கவனித்தாளோ என்னவோ, திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா நைனா பண்ற?"

"ஒண்ணுன்னு போட்டா உன் பேரு மாட்டிக்கும்மா. நாள பின்ன சர்ட்டிபிகேட் குடுக்கறப்ப வச்சி செய்வானுங்க."

"அதுல பேரே வராது."

"உனக்குத் தெரியாது."

"உன் இஷ்டம்," என்று மறுபடி திரும்பிக்கொண்டாள்.

மீதி எல்லாவற்றையும் நானே அமுக்கினேன். கேள்வியைப் படிக்கவில்லை. வலது கை ஓரத்தில் இருந்த ஐந்தை வரிசையாக மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே போனேன். கை பழகிய வேலை அது. எங்கள் கடைக்கு எங்கள் போனிலிருந்தே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வார் முதலாளி. மாவு அரைப்பவர், பாத்திரம் கழுவுபவர், நான், எல்லாரும் போட்டிருக்கிறோம். 'சாம்பார் பிரமாதம்' என்று மாவு அரைப்பவர் எழுதினார். அவர் எங்கள் சாம்பாரைத் தொடமாட்டார்.

கடைசியில், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு காலிக் கட்டம் வந்தது. அதை விட்டுவிட்டேன். நன்றி என்று வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு முகம் சிரித்தது.

பயந்துதான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. கல்லூரி பட்டியலில் இறங்கினால் கூட்ரோட்டில் நானும் இறங்கிவிடுவேன். அந்த நினைப்பும் இருந்தது. பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

நான் ஒருவன் அமுக்கி ஒரு பல்கலைக்கழகம் மேலே ஏறாது. அது தெரியும். என்னைப் போல எத்தனை பேர் அமுக்கினார்கள் என்றுதான் தெரியாது.

6

அவள் திரும்பிப் போகவில்லை. மார்ச்சில் படிப்பை நிறுத்திக்கொள்வதாக எழுதிக்கொடுத்தாள். டாக்டரிடம் அவளே போய் வந்தாள். பக்கத்தில் ஒரு பூக்கடையில் வாரத்துக்கு மூன்று நாள் நிற்கிறாள்.

செஞ்சிக்குச் சொல்லவில்லை. கௌரி வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் 'லீவுக்கு வந்திருக்கா' என்றோம். இத்தனை லீவா என்று அவள் கேட்டபோது, பெரிய கல்லூரியில் அப்படித்தான் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையும் வீடியோவில் பேச வருவதாகச் சொன்னார்கள். நான் தேனுவிடம் போய், "காலேஜு பேரு போட்ட அந்த ஸ்வெட்டர போட்டுக்கோம்மா," என்றேன். போட்டுக்கொண்டு வந்தாள். நாற்காலியைப் புத்தக அலமாரிக்கு முன்னால் நகர்த்திப் போட்டேன். அவள் உட்கார்ந்து சிரித்தாள். 'நல்லாருக்கேன் அத்த' என்றாள். நான் பின்னால் நின்றிருந்தேன்.

ஐந்து அமுக்கியதைவிட இதை எழுதத்தான் கை வரவில்லை.

7

படம் வந்த மறுநாள் செவ்வாய். மதியம் வீட்டிலிருந்து கூப்பிட்டேன். கௌரி, ஏழுமலை, சுகன்யா மூன்று பேரும் ஒரே போனுக்குள் தலையை நீட்டினார்கள். மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேனு உள்ளறையில் இருந்தாள்.

"சொல்லு மச்சான்," என்றார் ஏழுமலை. "டிசைனே போட்டு வச்சிட்டேன். தேனு போட்டோ ஒரு பக்கம், சுகன்யா போட்டோ ஒரு பக்கம்."

"அவசரப்படாத மாப்ள. அந்தக் காலேஜு வேணாம்னு பாக்கறேன்."

"ஏன்?"

"அவ்வளவு நல்லா இல்ல."

"இன்னா மச்சான் சொல்ற? லிஸ்ட்ல ஏறியிருக்குது."

"லிஸ்ட்ட பத்தி நீயே என்கிட்ட சொல்லியிருக்க."

"அது நம்மூரு ஃப்ளெக்ஸு. இது வெள்ளக்காரன் போட்டது. அவன் இன்னா மே மாசத்துக்கா அடிக்கறான்?"

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவர் முகம் மாறியது.

"சரி, நேராவே கேக்கறேன். உன் பொண்ணு மட்டும் போவலாம், எம்பொண்ணு போவக் கூடாதா? ஒரு ஃப்ளெக்ஸுல ரெண்டு போட்டோ இருந்தா உனக்கு இன்னா?"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் கௌரி. ஆனால் அவளும் என்னையே பார்த்தாள். ஒரு பொய்யை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று தோன்றியது. குளிர் ஒத்துக்கொள்ளாது, வாடகை அதிகம், இப்படி ஏதாவது சொல்லலாம். மல்லிகா என் முழங்கையைத் தொட்டாள்.

"தேனு அங்க இல்ல," என்றேன். "மார்ச்சுலயே நின்னுட்டா. முடியல அவளுக்கு. நாங்கதான் மறச்சிட்டோம். அந்த லிஸ்ட்டுக்குப் புள்ளைங்க கிட்ட கேட்டானுங்க. அவ ஒண்ணு போடச் சொன்னா. நான் அஞ்சு போட்டேன். எல்லாத்துலயும்."

செஞ்சியில் வெளியே பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

"ஸ்வெட்டர் போட்டுக்கினு பேசுனாளேண்ணா," என்றாள் கௌரி.

"நான்தான் போடச் சொன்னேன்."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. தேனு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சுகன்யா, உனக்கு இன்னா தெரியணும்? என்ன கேளு."

சுகன்யா தயங்கினாள். "அங்க... எப்டி இருக்கும்?"

"பாடம்லாம் நல்லாத்தான் நடத்துவாங்க. லைப்ரரி சூப்பரா இருக்கும். என் பக்கத்து ரூம் பொண்ணு அங்க சந்தோசமாத்தான் இருந்தா, பொய் இல்ல. நான் ஜனவரில பதினோரு நாளு ரூம வுட்டு வெளிய வரல. ஒருத்தருக்கும் தெரியல. பன்னெண்டாவது நாளு ஃபயர் அலாரம் செக் பண்றவரு வந்து கதவத் தட்டுனாரு. நீ ஓக்கேவாம்மான்னு கேட்டாரு. ஓக்கேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். நான் ஆபீஸுக்குப் போன் பண்ணியது ஜனவரியில்.

கௌரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழுமலை போனின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார். காது மட்டும் தெரிந்தது.

8

சுகன்யா விவரமான பெண். தனக்கு இடம் கொடுத்திருந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அன்றைக்கே ஒரே கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறாள். பதினோரு நாள் நான் வகுப்புக்கு வராவிட்டால் யாருக்குத் தெரியும்? மேலே இருக்கிற பல்கலைக்கழகம் மறுநாளே பதில் போட்டது. மாணவர் திருப்தியில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள் என்று அந்தப் பட்டியலையே அனுப்பி வைத்தது. கீழே இருக்கிற இன்னொன்றிலிருந்து வியாழக்கிழமை ஓர் ஆபீஸ் அம்மா எழுதினார். உங்கள் பிரிவில் கொஞ்சம் பேர்தான், இரண்டு நாள் வராவிட்டால் நானே கூப்பிடுவேன், எடுக்காவிட்டால் வந்து கதவைத் தட்டுவேன் என்று. கீழே தன் பெயரைப் போட்டிருந்தார்.

சுகன்யா அங்கே வருகிறாள். செப்டம்பரில். அது சரியாக வருமா என்று எனக்குத் தெரியாது. ஒரு கடிதம்தானே. ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டாள். நான் கேட்கவில்லை.

ஏழுமலை கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். "ஃப்ளெக்ஸுல இன்னா மச்சான் போடறது? எங்க தேடுனாலும் அந்தக் காலேஜு லிஸ்ட்டுல கெடைக்க மாட்டுது," என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று தெரியவில்லை. தேனுவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வெட்கப்பட்டிருப்பார். அவலூர்பேட்டைக்காரருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டுச் சேர்த்திருந்தால் பையனிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் என்று. 'அதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கான்' என்று வைத்துவிட்டார்.

இதை எழுதலாமா என்று தேனுவிடம் கேட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மல்லிகா படித்துக் காட்டினாள். இரண்டு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை சமையலறை மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் 'சாப்டியா' என்று கேட்டிருக்கிறேன், 'படிச்சியா' என்று கேட்டிருக்கிறேன். வேறு விதமாகக் கேட்க வாய் பழகவில்லை.

"எப்டிம்மா இருக்குது உனக்கு?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "நெஜமா கேக்கறியா?"

"ஆமா."

"நான் சொல்றத அப்டியே வச்சிக்குவியா? மாத்த மாட்டியே?"

"மாத்த மாட்டேன்."

"நல்லா இல்ல நைனா. போன மாசத்துக்கு இப்ப பரவால்ல. ஆனா நல்லா இல்ல."

எனக்கு உடனே நாக்கு நுனி வரைக்கும் வந்தது, எல்லாம் சரியாகிவிடும் என்று. சொல்லவில்லை. "சரிம்மா," என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிவிட்டது. அவள் எழுந்து போகவில்லை.